பொன்னிற அறைகளும் பாதரசப் புகையும்



அரண்மனை மேசைக்கும் இயந்திரவியல் படிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எல்லாம் நம் லைப்ரரியில் எடுத்த ஒரு படப் புத்தகத்தில் தொடங்கியது. பிரெஞ்சு அரண்மனைகளின் உள் அலங்காரப் படங்கள். மேசையின் ஓரமெல்லாம் தங்க இலைகள், காலெல்லாம் தங்கச் சிலைகள். வீட்டில் காட்டினேன். என் அப்பா முலாம் பட்டறையில் இருபது வருடமாக வேலை செய்பவர். படத்தைப் பார்த்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்: "இதெல்லாம் முலாம்தானேடா? கரண்ட் இல்லாத காலத்துல எப்படிப் போட்டானுங்க?"

பதில் தெரியவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படியேறியவன் நான். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ராஜாவின் மேசை

பிரான்சு மன்னர் 15ஆம் லூயிக்காக 1760ல் ஒரு எழுதும் மேசை செய்யத் தொடங்கினார்கள். தொடங்கியவர் ஓபென் என்ற தச்சுக் கலைஞர். அவர் இறந்த பிறகு 1769ல் முடித்தவர் ரீசனேர். ஒரு மேசைக்கு ஒன்பது வருடம்! இன்றும் அது வெர்சாய் அரண்மனையில் இருக்கிறது. மேசையில் உள்ள சிலைகளும் பூவேலைகளும் தங்கம் அல்ல. வெண்கலத்தில் வார்த்து, உளியால் செதுக்கி, மேலே தங்கம் ஏற்றியவை. இந்த வேலைக்கு 'ஓர்மொலு' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் 'அரைத்த தங்கம்' என்று பொருள்.

எப்படி ஏற்றினார்கள்?

நாம் கெமிஸ்ட்ரியில் படித்த ரசக்கலவைதான். தங்கத்தைப் பொடியாக்கி, அதைப்போல் எட்டு மடங்கு வரை பாதரசம் சேர்த்துச் சூடாக்கினால், வெண்ணெய்ப் பதத்தில் ஒரு பசை கிடைக்கும். வெண்கலத்தை அமிலத்தில் சுத்தம் செய்து, அந்தப் பசையைப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தடவி, கரி அடுப்பின் மேல் பிடிப்பார்கள். பாதரசம் ஆவியாகிப் போய்விடும். தங்கம் வெண்கலத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரஷ் போட்டு, அகேட் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். தடிமன் போதாவிட்டால் மறுபடியும் பூச்சு, மறுபடியும் அடுப்பு.

பாதரசத்தின் கொதிநிலை 357 டிகிரி செல்சியஸ். அதே வெர்சாயில் 1684ல் முடிந்த கண்ணாடி மண்டபம் இருக்கிறது. நீளம் 73 மீட்டர். அங்கே உள்ள கண்ணாடிகளின் எண்ணிக்கையும் 357! தற்செயல்தான். ஆனால் அந்தக் கண்ணாடிகளின் பின்பக்கமும் பாதரசம்தான். வெள்ளீயத் தகட்டை விரித்து, மேலே பாதரசத்தை ஊற்றி, அதன்மேல் கண்ணாடியைத் தள்ளி, பாரம் ஏற்றி வைப்பார்கள். மிச்சப் பாதரசம் வடிய வாரக்கணக்காகும். வெள்ளிப் பூச்சுக் கண்ணாடிக்கான முறையை ஜெர்மனியின் லீபிக் கண்டுபிடித்தது 1835ல்தான்.

ஆவி எங்கே போனது?

நண்பர்களே, 'பாதரசம் ஆவியாகிப் போய்விடும்' என்று மேலே சுலபமாக எழுதிவிட்டேன். போனது எங்கே? அடுப்புக்கு முன்னால் நின்றவனின் நெஞ்சுக்குள். கை நடுங்கும், ஈறு வீங்கும், பல் ஆடும், ஞாபகம் தப்பும். நுணுக்க வேலை செய்பவனுக்குக் கை நடுங்கினால் சோறு ஏது?

இதற்கு ஒரு வழி பிறந்தது அரண்மனையில் அல்ல, தொழில் செய்தவரின் மனதில். ராவ்ரியோ என்பவர் பாரிசில் வெண்கல அலங்காரப் பொருட்கள் செய்தவர். நெப்போலியனின் அரண்மனைகளுக்கும் செய்து கொடுத்தவர். 1814ல் இறந்தபோது, முலாம் தொழிலாளர்களைப் பாதரசத்திலிருந்து காப்பாற்ற வழி கண்டுபிடிப்பவருக்கு 3,000 பிராங்க் பரிசு என்று உயில் எழுதி வைத்திருந்தார். 1818ல் அதை வென்றவர் தார்சே என்ற வேதியியலாளர்.

அவர் கண்டது பெரிய மெஷின் ஒன்றுமில்லை. அடுப்புக்கு மேலே ஒரு கூண்டு, அதிலிருந்து உயரமான புகைபோக்கி. அந்தப் புகைபோக்கிக்குள் காற்றைச் சூடாக்கத் தனியாக ஒரு சின்ன அடுப்பு. சூடான காற்று மேலே போகும். அது அறைக் காற்றையும் நச்சாவியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அவ்வளவுதான்! நம் லேபில் உள்ள புகைக்கூண்டும் இதே வேலையைத்தான் ஃபேன் வைத்துச் செய்கிறது.

1840ல் இங்கிலாந்தின் எல்கிங்டன் நிறுவனத்தார் மின்முலாம் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். பாதரசம் போனது. ஆனால் தொட்டியில் சயனைடு வந்தது. ஆபத்து ஆளை மாற்றவில்லை, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது.

அப்பாவின் பட்டறை

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தார். குரோமியம் தொட்டியால் வந்த, ஆறாத புண்கள். "எங்க பட்டறையிலயும் ஃபேன் இருக்கு தம்பி. ஆறு மாசமா சுத்தல" என்றார்.

அடுத்த ஞாயிறு நானும் எலக்ட்ரிக்கல் பிரிவு நண்பனும் போய்ப் பார்த்தோம். கெபாசிட்டர் போயிருந்தது. மாற்ற ஆன செலவு இருநூறு ரூபாய்கூட இல்லை. அதற்காக அப்பா ஆறு மாதம் அந்த ஆவியைச் சுவாசித்திருக்கிறார். ஃபேன் ஓடியதும் தொட்டிமேல் இருந்த மஞ்சள் மூட்டம் மெல்லச் சாய்ந்து வெளியே போனது. அப்பா எதுவும் பேசவில்லை. எங்கள் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த அரண்மனை மேசை அழகுதான், மறுக்கவில்லை. செய்தவர்களின் கைத்திறனுக்குத் தலை வணங்குவோம். ஆனால் நாளைக்கு நாம் ஏதாவது ஒரு ஒர்க்ஷாப்பில் சூப்பர்வைசராக நிற்கும்போது, பொருள் பளபளக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்போம்: இந்தப் புகை எங்கே போகிறது?

கேட்கப் படித்தவர்கள் நாம். கேட்காமல் இருக்கலாமா?

— இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு