தகரம் தட்டிப் பழக 10 குறிப்புகள்

வெறும் சேஸிஸாக நாமக்கல்லுக்கு வரும் லாரி, பாடி கட்டும் பட்டறைகளில் கேபினும் பின்பாடியும் பெற்று வெளியே போகிறது. தட்டையான தகட்டுக்கு உருவம் கொடுக்கும் அந்தக் கைவேலையின் தொடக்கப் பாடங்களை வீட்டு வாசலிலேயே பழகலாம். புனல், டப்பா, கோழித் தீவனத் தட்டு என்று சின்னதாக ஆரம்பியுங்கள்.

1. புதுத் தகடு வாங்க வேண்டாம். காலியான 15 கிலோ எண்ணெய் டின் போதும். மெல்லிசு, கைக்கத்தரிக்கே வெட்டுப்படும். சோப்புத் தண்ணீரில் பிசுக்குப் போகக் கழுவிக்கொள்ளுங்கள். பெட்ரோல், தின்னர் இருந்த டின்னைத் தொடவே கூடாது.

2. கடையில் கேஜ் எண் கூடினால் தகடு மெல்லிசு என்று பொருள். 24 கேஜ் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ. பழகுகிறவருக்கு 24தான் சரி.

3. உருக்காலை இருக்கும் சேலத்துக்காரர்களுக்கு எவர்சில்வர் தகட்டின் மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் அது தட்டத் தட்ட இறுகும். மடித்துக் கையை எடுத்தால் கொஞ்சம் நிமிரும். தகரம், அலுமினியம், செம்பு எல்லாம் கைவந்த பிறகு அதற்குப் போங்கள்.

4. முதலில் அட்டையில் வெட்டி, ஒட்டிப் பாருங்கள். 20 செ.மீ. விட்டமுள்ள டப்பாவுக்குச் சுற்றளவு 20 × 3.14 = 62.8 செ.மீ. இரண்டு ஓரத்தையும் கொக்கியாக மடித்துப் பூட்ட, பூட்டின் அகலத்தைப் போல மூன்று மடங்கு கூடுதலாக விட வேண்டும், 5 மி.மீ. பூட்டுக்கு 1.5 செ.மீ. புதியவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

5. கத்தரியை நுனி வரை மூடாமல், பாதியில் திறந்து முன்னே தள்ளி வெட்டுங்கள், பிசிறு வராது. இரண்டு மடிப்புகள் சந்திக்கும் மூலையில் முன்பே 3 மி.மீ. துளை போட்டுவிட்டால் மடிக்கும்போது கிழியாது.

6. மடிக்க, இரண்டு ஆங்கிள் இரும்புக்கு நடுவே தகட்டை வைத்து சி கிளாம்ப்பால் இறுக்குங்கள். மரச் சுத்தியலால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரே இடத்தை முழுக்க மடித்துவிட்டு நகர்ந்தால் மீதி நெளிந்துவிடும்.

7. குழிப்பதில்தான் இந்த வேலையின் அழகே இருக்கிறது. வேப்பங்கட்டையின் தலையில் ஆழமில்லாத குழி செதுக்குங்கள். தடித்த பையில் இறுகக் கட்டிய மணலும் உதவும். வட்டத் தகட்டை அதன்மேல் சாய்த்துப் பிடித்து, உருண்டை முகச் சுத்தியலால் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வாருங்கள். ஒவ்வொரு அடியும் முந்தைய அடியில் பாதியை மூட வேண்டும். நடுவிலேயே அடித்தால் தகடு மெலிந்து ஓட்டை விழும். ஓரத்தில் சுருக்கம் எழுந்தால் உடனே தட்டிச் சமப்படுத்துங்கள். மடிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால் பிறகு விரிசல்தான். தோள்பலம் தேவையில்லை, சுத்தியலின் எடை தானாக விழட்டும்.

8. அடி வாங்கிய செம்பும் அலுமினியமும் இறுகிப்போகும். மறுபடி இளக, செம்பை மங்கலாகச் சிவக்கும் வரை சூடாக்கித் தண்ணீரில் போடலாம். அலுமினியம் சிவந்து காட்டாமலே 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதனால் சலவை சோப்பால் கோடு இழுத்து, கோடு கறுத்ததும் நெருப்பை விலக்குங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை மட்டும் இப்படிச் சூடாக்கக் கூடாது. அந்தப் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் தரும்.

9. தகட்டைப் பிடிக்கத் தோல் கையுறை கட்டாயம். டிரில்லிங் மெஷின் பக்கம் போகும்போது அதைக் கழற்றிவிடுங்கள். சுழலும் பிட் கையுறையோடு விரலையும் இழுத்துவிடும். ஆழமாகக் கீறினால் டாக்டரிடம் காட்டி, தேவையானால் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

10. வெட்டிய விளிம்பை அப்படியே விடாதீர்கள். உள்ளே கம்பி வைத்துச் சுருட்ட, கம்பியின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு தகடு விடுங்கள், 3 மி.மீ. கம்பிக்கு 7.5 மி.மீ. தீவனத் தட்டில் இது மிக அவசியம், கூர் விளிம்பு கோழியின் கொண்டையையும் தாடியையும் கிழிக்கும்.