வீட்டிலேயே ஒரு மின்சுற்று ஆய்வுக்கூடம்

ஏழாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள், மின்சுற்றுப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். "இரண்டு பல்புகளைத் தொடர் இணைப்பில் போட்டால் எது பிரகாசமாக எரியும்?" என்று கேட்டேன். "முதல் பல்புதான் மாமா. அது எடுத்துக்கிட்டது போக மிச்சம்தானே அடுத்ததுக்குப் போகும்" என்றாள். வரையறை மனப்பாடம், தவறான எண்ணமோ அப்படியே இருக்கிறது.

இதற்கு நான் பயன்படுத்தியது ஃபெட் சிமுலேஷன்ஸ். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. இலவசம். பிரவுசரிலேயே இயங்கும்.

அதில் "சர்க்யூட் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிட்: டிசி" என்பதைத் திறந்து, "லேப்" பகுதிக்குச் செல்லுங்கள். இடப்பக்கம் உள்ள பேட்டரி, பல்பு, ஒயர்களை மவுஸால் இழுத்து வந்து இணைக்க வேண்டும். சுற்று முழுமையடைந்ததும் பல்பு எரியும். ஒயருக்குள் எலக்ட்ரான்கள் நகரும். வலப்பக்கம் அம்மீட்டர் இருக்கிறது. (பேட்டரியின் இரு முனைகளையும் ஒயரால் நேரடியாக இணைத்தால் தீப்பிடிக்கும். எல்லாக் குழந்தைகளும் முதலில் செய்வது அதைத்தான்!)

முதல் நாள் நான் ஒரு தவறு செய்தேன். மவுஸை நானே வைத்துக்கொண்டு விளக்கினேன். டிவி பார்ப்பது போல் பார்த்தாள். மறுநாள் கேட்டால் அதே பழைய பதில்!

அடுத்த முறை மவுஸை அவளிடம் கொடுத்தேன். ஒரே நிபந்தனை: எதை இணைப்பதற்கு முன்பும் என்ன நடக்கும், ஏன் என்று நோட்டில் எழுதிவிட வேண்டும். ஒரு பல்புக்கு 0.90 ஆம்பியர் வந்தது. இரண்டாவதைத் தொடரில் சேர்த்ததும் இரண்டுமே ஒரே அளவு மங்கின. ஒயரில் எங்கே வைத்தாலும் 0.45 ஆம்பியர்தான். தான் எழுதியதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். எந்த பல்பும் மின்னோட்டத்தைத் தின்றுவிடவில்லை என்று நான் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பிறகு பக்க இணைப்பு. "மங்கும்" என்று எழுதினாள், மங்கவில்லை. பேட்டரியருகே 1.80 ஆம்பியர் காட்டியது. "அப்போ பேட்டரி சீக்கிரம் தீர்ந்துடுமா மாமா?" என்றாள். நான் எதிர்பார்க்காத கேள்வி!

திரையில் பார்த்ததை 1.5 வோல்ட் டார்ச் செல், டார்ச் பல்புகளை வைத்து நிஜமாகவும் செய்ய வையுங்கள். நிஜ செல்லில் பக்க இணைப்பிலும் பல்புகள் சற்று மங்கலாம். செல்லுக்கே உள்மின்தடை உண்டு. "அட்வான்ஸ்டு" பகுதியில் பேட்டரி ரெசிஸ்டன்ஸை உயர்த்தினால் திரையிலும் அதைக் காணலாம். வீட்டு பிளக் பாயிண்ட் பக்கம் மட்டும் குழந்தைகளை விட்டுவிடாதீர்கள்.