இரும்புப் பெட்டி வாங்கிய கதை



"கன்டெய்னர் ஒன்று வாங்கி ஊரில் தோட்டத்தில் வைக்கலாமென்று இருக்கிறோம் சார். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?" என்று சென்ற பொங்கல் விழாவில் மூன்று அன்பர்கள் தனித்தனியே என்னைக் கேட்டார்கள். கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் 28 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் வந்த கேள்வி அது. அவர்களுக்குச் சொன்ன பதிலையே சற்று ஒழுங்குபடுத்தி எழுதித் தருமாறு ஆசிரியர் கேட்டுக்கொண்டார். எழுதுமுன் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். 2016இல் நம் சங்கத்துக்கு முதல் பெட்டியை வாங்கிக் கொடுத்தவன் நான். அதில் வைத்த நூலகப் புத்தகங்கள் பாழானதற்குக் காரணமானவனும் நானே.

புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களுக்காக அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாடகை அறையைக் காலி செய்ய வேண்டிய நிலை. நமக்குக் கிடைத்த மனையிலோ நிரந்தரக் கட்டடம் எழுப்ப அனுமதி இல்லை. "பழைய கன்டெய்னர் ஒன்று வாங்கி நூலகமாக வைத்துக்கொள்ளலாமே" என்று சொன்னவன் நான். பல்லார்ட் எஸ்டேட்டிலும் பிறகு நவசேவாவிலும் கன்டெய்னர் எண்களை எழுதி எழுதியே சம்பளம் வாங்கியவன் சொல்கிறானே என்று செயற்குழுவும் நம்பியது. ஆனால் அத்தனை ஆண்டுகளில் ஒரு பெட்டிக்குள் நுழைந்து கதவைச் சாத்திப் பார்த்தவன் அல்லன் நான்.

மே மாதக் கடைசி; மழைக்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். பளபளவென்று நீலப் பெயின்ட் அடித்த 20 அடிப் பெட்டி ஒன்றை, பொழுது சாயும் நேரத்தில் யார்டில் காட்டினார்கள். வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்தேன். மண்ணைச் சமன் செய்து அதன்மேல் பெட்டியை இறக்கினோம். சுவரையொட்டி அலமாரிகள், கதவுக்கு இரட்டைப் பூட்டு. ஆகஸ்டில் திறந்தபோது உள்ளேயிருந்து வந்த வாடை இன்றும் மூக்கில் நிற்கிறது. மேற்கூரையின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் தொங்கிக்கொண்டிருந்தது. கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊதி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் பிடித்திருந்தன.

அவற்றில் ஏறத்தாழ 400 நூல்கள், நம் மூத்த உறுப்பினர் ஒருவர் ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் டிரங்குப் பெட்டியில் ரயிலேற்றிக் கொண்டு வந்தவை. அவர் அப்போது உயிரோடு இல்லை. அவருடைய துணைவியாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியபடி போனேன். அந்த அம்மையார் வந்து பார்த்தார். ஒரு பைண்டு புத்தகத்தை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "அவர் இருந்திருந்தால் முதலில் வெயிலில் காயப்போடச் சொல்லியிருப்பார். வாங்க தம்பி, எடுங்க" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. காயவைத்தும் பாதிக்குமேல் தேறவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் கன்டெய்னரைப் படித்தேன். படித்ததை இனி சொல்கிறேன்.

பெட்டியின் அமைப்பு

அமெரிக்க லாரித் தொழிலதிபர் மால்கம் மெக்லீன் 1956 ஏப்ரல் 26 அன்று, 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகளை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியதிலிருந்து இன்றைய கன்டெய்னர் போக்குவரத்தின் வரலாறு தொடங்குகிறது. நம் நவசேவாத் துறைமுகம் 1989இல் செயல்படத் தொடங்கியது.

20 அடிப் பெட்டி 6.058 மீட்டர் நீளம், 2.438 மீட்டர் அகலம், 2.591 மீட்டர் உயரம். வெறும் பெட்டியே 2 டன்னுக்கு மேல் எடை இருக்கும். 40 அடிப் பெட்டியின் நீளம் 12.192 மீட்டர். 'ஹை க்யூப்' என்பது ஓர் அடி கூடுதல் உயரமுள்ளது. சுவர், காற்றையும் மழையையும் தாங்கக்கூடிய 'கார்ட்டன்' வகை எஃகு. கனம் பெரும்பாலும் 2 மில்லிமீட்டருக்குள்தான். தரை, சுமார் 28 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட். இதற்குக் கீழே குறுக்காக இரும்புச் சட்டங்கள் வரிசையாக ஓடும்.

முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: பெட்டியின் பலமெல்லாம் நான்கு மூலைத் தூண்களில் இருக்கிறது. கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது சுமை மூலை வழியாகவே இறங்குகிறது. கூரைக்கு அந்த வலு கிடையாது. இரண்டு பேர் ஏறி நின்று பெருக்குவது வேறு, மூட்டைகளை அடுக்குவது வேறு.

எண்ணும் தகடும்

கதவின்மேல் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சோதனை இலக்கம் இருக்கும். முதல் மூன்று எழுத்து உரிமையாளரின் குறி. நான்காவது பெரும்பாலும் 'யு'. சோதனை இலக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கணக்காகவே கொடுக்கலாம். ஏ 10, பி 12, சி 13 என்று எழுத்துகளுக்கு மதிப்பு உண்டு. 11, 22, 33 ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். முதல் இடத்தை 1ஆலும், அடுத்தடுத்த இடங்களை 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போயும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதியே சோதனை இலக்கம். மீதி 10 வந்தால் 0. எடுத்துக்காட்டாக 'சி எஸ் க்யூ யு 305438' என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3. ஆகவே கடைசி இலக்கம் 3. பில்லிலோ ரசீதிலோ ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதியிருந்தால் இந்தக் கணக்கு காட்டிக் கொடுத்துவிடும்.

கதவில் ஓர் உலோகத் தகடும் ஆணியடித்து வைத்திருப்பார்கள். கன்டெய்னர் பாதுகாப்பு குறித்த 1972ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையின்படி வைக்கப்படுவது அது. உற்பத்தியான மாதமும் ஆண்டும், தாங்கும் எடையும் அதில் இருக்கும். எனக்குப் "பத்து வருஷப் பெட்டி" என்று சொல்லி விற்றார்கள். தகட்டில் 1991 என்று இருந்தது. புத்தகங்கள் பாழான பிறகுதான் அதைப் படித்தேன்!

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

நடுப்பகலில் போங்கள். வெளியே நம் ஆள் ஒருவரை நிறுத்திவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பிறகு கூரையையும் மூலைகளையும் பாருங்கள். ஓட்டை இருந்தால் நட்சத்திரம்போல் ஒளி தெரியும். ஒளி புகும் இடத்தில் தண்ணீரும் புகும். புதுப் பெயின்டால் வெளியே மறைத்ததை இந்தச் சோதனையிடம் மறைக்க முடியாது.

அந்த நேரத்திலேயே மூச்சை இழுத்து வாடை பாருங்கள். ரசாயன நெடியோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். முன்பு என்ன சரக்கு ஏற்றினார்கள் என்பது நமக்குத் தெரியாது.

அடுத்தது அடிப்பகுதி. ஹைட்ரா கிரேனால் பெட்டியைத் தூக்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்று குறுக்குச் சட்டங்களைப் பாருங்கள். தொங்கும் பெட்டிக்குக் கீழே யாரும் போகக்கூடாது. மேலோட்டமான துரு பரவாயில்லை. சுத்தியலால் தட்டினால் ஏடு ஏடாக உதிரும் துரு என்றால் விட்டுவிடுங்கள்.

கூரையில் பள்ளம் இருந்தால் மழைநீர் தேங்கி அங்கேதான் முதலில் துரு ஓட்டை போடும். கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா, ஒரே ஆள் கதவைத் திறந்து மூட முடிகிறதா என்பதையும் பாருங்கள்.

விற்பவர்கள் 'கார்கோ வொர்தி' என்றால் இன்னும் சரக்கேற்றத் தகுதியுள்ளது என்று பொருள். 'விண்ட் அண்ட் வாட்டர் டைட்' என்றால் காற்றும் மழையும் புகாது என்று மட்டுமே பொருள். நூலகத்துக்கும் சாமான் அறைக்கும் இதுவே போதும். 'ஆஸ் ஈஸ்' என்றால் உள்ளது உள்ளபடி. பிறகு கேட்க முடியாது.

தாள்கள்

வெளிநாட்டிலிருந்து சரக்கோடு வரும் பெட்டி, சுங்க அறிவிக்கைப்படி, ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போக வேண்டும் என்ற நிபந்தனையின்மேல் தீர்வை இல்லாமல் உள்ளே வருகிறது. அதை இங்கேயே விற்பதானால் தீர்வை கட்டியிருக்க வேண்டும். ஆகவே தீர்வை கட்டிய தாளின் நகலையும், பெட்டி எண் எழுதிய ஜி.எஸ்.டி. பில்லையும் கேட்டு வாங்குங்கள். 'விலை குறைவு, பில் இல்லை' என்றால் ஒதுங்கிவிடுங்கள். விலை நிலையானதன்று, 2021இல் உலகெங்கும் கன்டெய்னர் பஞ்சம் வந்தபோது தாறுமாறாக ஏறியது. இரண்டு மூன்று யார்டுகளில் விசாரித்து முடிவு செய்யுங்கள். சென்னையிலோ தூத்துக்குடியிலோ வாங்குவோருக்கும் இதே விதிதான். பெட்டி தற்காலிக அமைப்புதான் என்றாலும், வைக்கும் இடத்துக்கு உரிய நகராட்சி, ஊராட்சி அல்லது ஹவுசிங் சொசைட்டியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்பது நல்லது.

இறக்கி வைத்தல்

டிரெய்லரும் கிரேனும் உள்ளே வந்து திரும்ப இடமிருக்கிறதா, மேலே மின்கம்பி போகிறதா என்று முதல்நாளே பாருங்கள். பெட்டியை ஒருபோதும் மண்ணில் வைக்காதீர்கள். நான்கு மூலைக்கும் கான்கிரீட் மேடை கட்டி, தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்த்தி வையுங்கள். கீழே காற்று ஓடினால்தான் அடிச்சட்டம் பிழைக்கும். நான்கு மேடையும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மூலை இறங்கினாலும் சட்டம் முறுக்கிக்கொண்டு கதவு இறுகிவிடும்.

ஜன்னல் வெட்டுவதானால் ஓர் எச்சரிக்கை. நெளிநெளியான அந்தச் சுவரும் பெட்டியின் பலத்தில் பங்கு கொள்கிறது. வெட்டிய இடத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பழைய பெயின்டை அந்த இடத்தில் சுரண்டிவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். அந்தப் புகை ஆகாது.

பெட்டியின் வியர்வை

நம் புத்தகங்களைக் கெடுத்ததில் ஓட்டை வழியாக வந்த மழைக்குப் பாதிப் பங்குதான். மீதி, பெட்டியே விட்ட வியர்வை. பகலில் சூடான காற்று தரைப் பலகையிலும் அட்டைப் பெட்டியிலும் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. இரவில் மழை பட்டுக் கூரை குளிர்ந்ததும், குளிர்ந்த செம்பில் நீர் கோப்பதுபோல் அந்த ஈரம் கூரையின் உட்புறத்தில் கோத்து, சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் மும்பையில் கேட்கவே வேண்டாம். பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் சின்னஞ்சிறு காற்றுத் துளைகள் இதற்குப் போதா.

2018இல் வாங்கிய இரண்டாவது பெட்டியில் நாம் செய்தவை இவை. ஒரு முனையில் கீழேயும் எதிர்முனையில் மேலேயும் வலை போட்ட காற்றுப் போக்கிகள் வைத்தோம். பெட்டிக்கு மேலே ஓர் அடி இடைவெளி விட்டுத் தகரக் கூரை போட்டோம். வெயிலும் மழையும் நேராகப் படுவதில்லை. உள்கூரையில் வெப்பத்தடுப்பு ஷீட் ஒட்டினோம். அலமாரிகளைச் சுவரிலிருந்து 3 அங்குலமும் தரையிலிருந்து 6 அங்குலமும் தள்ளி வைத்தோம். வசம்பும் வேப்பிலையும் வைக்கலாம். அவை பூச்சியைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்கா.

தரைப் பலகைக்குப் பூச்சிமருந்து ஏற்றியிருப்பது வழக்கம். கதவிலுள்ள தகட்டிலேயே அது குறிக்கப்பட்டிருக்கும். பிள்ளைகள் உட்காரும் இடமென்றால் வெறும் பலகையில் உட்கார வைக்காமல், அதன்மேல் கனமான வினைல் விரிப்பு போடுங்கள்.

ஆண்டுப் பராமரிப்பு

ஏப்ரலில் கூரையைப் பெருக்கி, துருப் பிடித்த இடத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்து அதன்மேல் பெயின்ட் அடியுங்கள். மே மாதத்தில் கதவுக் கீல்களுக்கும் பூட்டுத் தண்டுகளுக்கும் கிரீஸ் போட்டு, ரப்பரைத் துடைத்து, ஒருமுறை வெளிச்சச் சோதனை செய்யுங்கள். மழைக்காலத்தில் வெயில் எட்டிப் பார்க்கும் நாளெல்லாம் கதவைத் திறந்து வையுங்கள். மழை முடிந்ததும் கீழே குனிந்து டார்ச் அடித்து அடிச்சட்டத்தைப் பாருங்கள். மொத்தத்தில் ஆண்டுக்கு மூன்று நாள் வேலை. அந்த மூன்று நாளைக் கொடுக்க மனமில்லாதவர் பெட்டி வாங்க வேண்டாம்.

இறுதியாக ஒன்று, இதை எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்கிறேன். கன்டெய்னர் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். விளையாடும் குழந்தை உள்ளே போய்க் கதவு சாத்திக்கொண்டால், வெயிலில் காயும் இரும்புப் பெட்டியில் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஆட்கள் புழங்கும் பெட்டியில் உள்ளிருந்தே திறக்கும் தனிக் கதவு ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். பெரிய கதவைத் திறந்திருக்கும்போது கொக்கி மாட்டி நிறுத்துங்கள். ஒரு தீயணைப்புக் கருவியும் இருக்கட்டும்.

இரண்டாவது பெட்டி பல மழைக்காலங்களைப் பார்த்துவிட்டது. ஒரு புத்தகமும் கெடவில்லை. வெயிலில் காய்ந்து பிழைத்த பழைய நூல்கள் கறையோடு முதல் அலமாரியில் இருக்கின்றன. பைண்டிங் மாற்றலாமே என்று சிலர் சொன்னார்கள். அம்மையார் வேண்டாம் என்றுவிட்டார். ஞாயிறு காலை தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர், வகுப்பு முடியும்வரை வாசலில் நிற்காமல் உள்ளே வாருங்கள். பெட்டியையும் காட்டுகிறேன், படிக்க ஒரு புத்தகமும் தருகிறேன்.