கங்காருவும் காட்டுப்பன்றியும்

கேள்வி: ஆஸ்திரேலியாவில் நிலத்துக்காரரும் கங்காரு வேட்டையாளரும் இணைந்து செயல்படுவதுபோல், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிக்கு இங்கே வழியுண்டா?
– வாசகர், அவிநாசி

பதில்: அங்கே கங்காருக்களின் எண்ணிக்கையை மதிப்பிட்டு அரசு வகுக்கும் ஆண்டு உச்சவரம்புக்குள், நிலத்துக்காரரின் இசைவோடு உரிமம் பெற்றோர் சுட்டு, இறைச்சியையும் தோலையும் விற்கின்றனர். ஆனால் இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய வணிகத்துக்கு இடந்தருவதில்லை. தமிழக அரசு 2025 ஜனவரியில் வகுத்த நடைமுறைப்படி, காப்புக்காட்டிலிருந்து, அதாவது அரசு அறிவித்த வனப்பகுதியிலிருந்து, 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கப்பால், ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் அடங்கிய குழுவின் பரிந்துரைக்குப் பின் வனத்துறையினரே சுடலாம். நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் இழக்கும் உழவரின் பங்கு முறையீட்டோடு நின்றுவிடுவது பெருங்குறையே. ஆஸ்திரேலியாவிடமிருந்து கொள்ளத்தக்கது இறைச்சி வணிகமன்று, ஆண்டுதோறும் எண்ணிக்கையை மதிப்பிட்டபின் முடிவெடுக்கும் ஒழுங்கே.