பழைய கல்நார்க் கூரைகளை அகற்றுதல்

ஓட்டுக்கும் ஓலைக்கும் மாற்றாக நம் நாட்டில் பரவிய நெளிவுக் கூரைத் தகட்டை மக்கள் ‘ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்’ என்பர். அதில் பெரும்பகுதி சிமென்ட். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே கல்நார் என்னும் கனிம இழை. தீப்பற்றாது, துருப்பிடிக்காது, விலையும் மலிவு. பல்லாண்டுகளுக்கு முன் வேயப்பட்ட இக்கூரைகள் இன்று விரிசல் கண்டு மாற்றப்பட்டு வருகின்றன. மாற்றும் அவ்வேளையிலேயே தீங்கு மிகுதி.

கல்நார் நீளவாக்கில் மேன்மேலும் பிளவுபடும் இயல்புடையது. கண்ணுக்குப் புலப்படாத அதன் நுண்ணிழைகள் நெடுநேரம் காற்றில் மிதந்து, மூச்சுடன் நுரையீரலின் ஆழத்தை அடைகின்றன. நுரையீரலைத் தழும்பேறச் செய்யும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா ஆகியவை இதனால் விளைகின்றன. நோய் வெளிப்படப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் ஆகும். இன்று கூரையை உடைக்கும் இளைஞர் முதுமையில் மூச்சுத் திணறும்போது, இந்த நாளை நினைவுகூர்வார் யார்?

குளிர்நாடுகளில் வெப்பம் காக்கக் கூரையடியில் வெர்மிகுலைட் பரப்புவர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், லிபி என்னும் ஊரருகே 1990 வரை இயங்கிய சுரங்கத்தின் வெர்மிகுலைட்டில் கல்நார் கலந்திருந்தது. அது தளர்ந்த பொருள். கிளறினாலே தூசி எழும். எனவே ‘தொடாதீர்கள்’ என்பதே அங்குள்ள வீட்டாருக்குக் கூறப்படும் முதல் அறிவுரை. நமது தகட்டிலோ இழை சிமென்ட்டால் பிணைக்கப்பட்டுள்ளது. ஆதலால் தகடு முழுதாக உள்ளவரை அபாயம் குறைவு. அறுத்தல், துளையிடல், கம்பித் தூரிகையால் பாசி தேய்த்தல், மேலிருந்து எறிதல் ஆகியவற்றால் அப்பிணைப்பு குலைகிறது.

நல்ல நிலையிலுள்ள கூரையை அவசரப்பட்டு அகற்ற வேண்டியதில்லை. அகற்றியே தீர வேண்டுமெனில், முதலில் தகடுகளை நீர் தெளித்து நனைக்க வேண்டும். ஈரக்கூரை வழுக்கும்; பழைய தகடு ஆள் எடையையும் தாங்காது. ஆகவே சாரத்தில் நின்றே கொக்கி ஆணிகளைக் கழற்றி, தகடுகளை முழுதாகக் கயிறு கட்டி இறக்குதல் முறை. தூளைத் துடைப்பத்தால் பெருக்கலாகாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு நுண்ணிழையைத் தடுக்காது. அதற்குரிய வடிகட்டியுள்ள முகமூடியே தேவை. வேலையுடையை வீட்டுத் துணியுடன் சேர்த்துத் துவைக்கக் கூடாது.

கல்நார் ஆலைத் தொழிலாளரின் உடல்நலப் பதிவேடுகளை, பணி தொடங்கியதிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப்பின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை பேண வேண்டுமென 1995இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. தினக்கூலிக்குக் கூரை பிரிப்போருக்கு அத்தகைய பதிவேடு ஏது? மேற்சொன்னவாறு இறக்கினால் ஒரு நாள் வேலை இரண்டு நாளாகும். வீட்டுக்காரர் அந்த மறுநாள் கூலியையும் முகமூடியின் விலையையும் முன்னதாகவே பேசி முடிக்க வேண்டும். இறக்கிய தகடுகளை உடைத்துப் பள்ளம் நிரப்பாமல், தடித்த பிளாஸ்டிக் தாளில் பொதிந்து வைத்து, அபாயக் கழிவை ஏற்கும் இடம் எதுவென மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்டறிந்து அனுப்புதல் வேண்டும்.