கிரெனடாவின் ஜாதிக்காய் உழவர்கள்

கரிபியன் கடலிலுள்ள கிரெனடா தீவின் மலைச்சரிவுகளில் சிறு நிலமுடைய உழவர்கள் பலர், நெடுங்காலமாக ஜாதிக்காயை நம்பி வாழ்ந்தவர்கள். உதிர்ந்த காய்களைப் பொறுக்கி, ஜாதிபத்திரியைப் பிரித்து, 1947 இல் அமைந்த கூட்டுறவுச் சங்கத்திற்கு விற்றுவந்தனர்.

1955 இல் ஜேனட் புயலும் 2004 இல் ஐவன் புயலும் இம்மரங்களில் பெரும்பாலானவற்றை வீழ்த்தின. வாழையெனில் புதுக்கன்று ஏறத்தாழ ஓராண்டில் குலை தள்ளும். விதையிலிருந்து வளரும் ஜாதிக்கன்று காய்க்கவோ 5 முதல் 8 ஆண்டுகளாகும். அவற்றுள் ஏறத்தாழப் பாதி, காய்க்காத ஆண் மரங்கள். பூக்கும்வரை அதனை அறிதலும் அரிது. வயது முதிர்ந்த உழவர் மறுநடவுக்குத் தயங்குவது இதனாலேயே.

ஆகவே, கன்று வழங்குவதோடு நிவாரணம் முடிந்துவிடலாகாது. மரம் காய்க்கும் வரை குடும்பத்திற்கு வருவாய் தரும் ஊடுபயிரும், அதுவரை தவணை கோராத கடனும் மறுநடவுத் திட்டத்தில் இடம்பெறுதல் வேண்டும்.