இணைந்து ஆடும் கலை

டென்னிஸ் உலகில் தனியாட்டத்தில் வென்றவருக்கே பெரும்புகழ். தனியாட்டத்தில் நிலைபெற இயலாதவர்களே இரட்டையர் ஆட்டத்தை நாடுகின்றனர் என்று கருதுவோரும் உளர். இக்கருத்து பொருந்துமா என்பதை, ஓய்வுபெற்ற இந்திய ஆட்டக்காரர் மகேஷ் பூபதியின் ஆட்ட வாழ்வைக் கொண்டு ஆராய்வோம்.

முதலில் ஆடுகளத்தைக் காண்போம். அதன் நீளம் 78 அடி. அகலம் தனியாட்டத்திற்கு 27 அடி. இரட்டையர் ஆட்டத்திற்கு 36 அடி. ஆட்கள் இரு மடங்காகின்றனர். அகலமோ மூன்றில் ஒரு பங்கே கூடுகிறது. ஒருவர் காக்க வேண்டிய அகலம் 27 அடியிலிருந்து 18 அடியாகக் குறைகிறது. ஆட்டம் எளிதாக வேண்டுமன்றோ? ஆவதில்லை. எதிரணியில் ஒருவர் வலையருகே நிற்பதால், பந்தை அனுப்ப இடமும் குறைவு. எண்ணிப் பார்க்க நேரமும் குறைவு.

மேலும், வலையின் உயரம் கம்பங்களின் அருகே மூன்றரை அடி. நடுவில் மூன்று அடியே. ஆகவே பந்து தாழ்வாகக் கடக்க நடுவழியே ஏற்றது. அந்த நடுவிடம் இருவர் மட்டைக்கும் எட்டும். எட்டுவதனாலேயே, "அவர் அடிப்பார்" என்று இருவரும் விட்டுவிடுவதும் உண்டு. இருவரும் ஒருங்கே பாய்ந்து மட்டைகள் மோதுவதும் உண்டு. இரட்டையர் ஆட்டத்தின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இந்த நடுவிடத்தில்தான் இருக்கிறது. அதைக் காப்பது கைவலிமை மட்டும் அன்று. ஒருவர் மனத்தை மற்றவர் அறிந்திருத்தலும் ஆகும்.

பூபதி 1974இல் சென்னையில் பிறந்தவர். அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, 1995இல் அலி ஹமாதேயுடன் சேர்ந்து அந்நாட்டுக் கல்லூரிகளுக்கிடையேயான இரட்டையர் பட்டத்தை வென்றார். ஆஸ்திரேலியா, பிரான்ஸ், விம்பிள்டன், அமெரிக்கா ஆகிய நான்கு பெரும் போட்டிகளையே கிராண்ட் ஸ்லாம் என்பர். 1997இல் பிரெஞ்சுப் போட்டியின் கலப்பு இரட்டையர் பிரிவில், ஜப்பானின் ரிக்கா ஹிராக்கியுடன் ஆடிப் பட்டம் பெற்றார். இளையோர் போட்டிகளை நீக்கிப் பார்த்தால், கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்ற முதல் இந்தியர் இவரே.

1999ஆம் ஆண்டு அவருடைய வாழ்வின் கொடுமுடி. லியாண்டர் பயஸுடன் அவ்வாண்டின் நான்கு பெரும் போட்டிகளிலும் இறுதியாட்டத்தை எட்டினார். பிரான்ஸிலும் விம்பிள்டனிலும் வென்றார். இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடமும் பெற்றார். வலையருகே பயஸின் விரைவும், பூபதியின் வலிய பந்துவீச்சும் ஒன்றன் குறையை மற்றொன்று நிறைத்தன. 2001இல் பிரெஞ்சுப் பட்டத்தை இவ்விணை மீண்டும் வென்றது.

பூபதி வென்ற கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் மொத்தம் 12. ஆடவர் இரட்டையரில் நான்கு. மூன்று பயஸுடன், ஒன்று 2002இல் மாக்ஸ் மிர்னியுடன். கலப்பு இரட்டையரில் எட்டு. இந்த எட்டையும் ஆறு நாடுகளைச் சேர்ந்த ஏழு பெண்மணிகளுடன் ஆடிப் பெற்றார் என்பது எண்ணத்தக்கது. சானியா மிர்சா ஒருவருடன் மட்டுமே இரு முறை, 2009இலும் 2012இலும், வென்றார். ஒவ்வொரு முறையும் புதிய துணையின் வேகத்தையும் பழக்கத்தையும் கற்றாக வேண்டும். தனியாட்டத்தில் தோற்றவரின் புகலிடம் என்று இதனைச் சொல்லுதல் தகுமா? இது தனித்ததொரு கலை.

எனினும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பயஸுடன் அமைந்த இணை நிலைக்கவில்லை. பிரிவதும் சேர்வதுமாக ஆண்டுகள் கழிந்தன. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இருவரும் ஆடிய வெண்கலப் பதக்க ஆட்டத்தில், கடைசிச் செட்டை 14–16 என இழந்து நான்காம் இடமே பெற்றனர். ஆடவர் இரட்டையரில் பூபதிக்கு எட்டாத ஒரே கிராண்ட் ஸ்லாம் ஆஸ்திரேலியப் பட்டம். 2011இல் இருவரும் மீண்டும் சேர்ந்து, அங்கே இறுதிவரை சென்று பிரையன் சகோதரர்களிடம் தோற்றனர். 2012 லண்டன் ஒலிம்பிக்கிற்குப் பயஸுடன் ஆட பூபதி இசையவில்லை. ரோகன் போபண்ணாவுடன் ஆடி இரண்டாம் சுற்றில் வெளியேறினார். ஒலிம்பிக் பதக்கம் அவருக்குக் கிட்டவே இல்லை. ஆறு நாட்டினருடன் பழகி ஆடக் கற்றவருக்கும், தமக்கு நிகரான ஒருவருடன் நெடுங்காலம் ஒத்திருத்தல் அரிதாயிற்று!

இதில் நாம் கற்பது யாது? வங்காளியும் தமிழரும் தெலுங்கரும் மலையாளியும் கூடி வாழும் இந்த அந்தமான் தீவுகளில், ஆய்வகத்திலும் களப்பணியிலும் நம் துணைவரை நாம் தேர்ந்துகொள்வதில்லை, அவர்கள் அமைகின்றனர். புதியவரோடு பழகி வேலையை முடித்தல் ஒரு திறமை. அதனைப் பயிற்சியால் பெறலாம். வெற்றிக்குப் பின்னும் அவரோடு இணங்கியிருத்தல் மற்றொரு திறமை. முன்னது இருந்தால் பின்னது தானே வரும் என்று எண்ணுதல் தவறு. நடுவில் விழும் பந்தை எடுப்பவர் யார் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்வோர்க்கே இரண்டும் கைகூடும்.